பாலகுருவுல போடு

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என்று இந்தப் பக்கம் எந்தப் பிள்ளைக்குக் காது குத்தினாலும், எந்தப் பெண் பெரியவளானாலும், எந்த வட்டச் செயலாளருக்குப் பிறந்தநாள் வந்தாலும், எந்தக் கிழவர் கண்ணை மூடினாலும், அதை ஊருக்குச் சொல்வது பாலகுருவின் எழுத்துதான். குண்டு எழுத்து. வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு கோடும் தடியாக இறங்கி, முடிகிற இடத்தில் பிரஷ்ஷைச் சட்டென்று தூக்கிவிட்டதுபோல் கூராக நிற்கும். பஸ்ஸில் போகிறவன் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தால் போதும், செத்தது யார் என்று தெரிந்துவிடும்.

ஒரு காலத்தில் அந்த எழுத்து சுவரில்தான் இருந்தது. பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. கூட எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போனார்கள். பாலகுருவுக்கு அந்தக் கதி வரவில்லை, மகள் வெண்ணிலா காப்பாற்றினாள். மேற்குத் தாம்பரத்தில் புஷ்பலதாவின் ஃபிளெக்ஸ் கடையில் அவள் டிசைனர். அப்பாவை உட்கார வைத்து, சார்ட் பேப்பரில் ஒரு எழுத்து விடாமல் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எழுத்துருவுக்குப் பெயரும் பாலகுரு என்றே வைத்தாள். யாரைக் கேட்டும் பரவவில்லை, ஜலதோஷம் மாதிரி ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குத் தானாகத் தொற்றிக்கொண்டது. இன்றைக்கு எந்தக் கடைக்குப் போனாலும், "தலைப்பு இன்னாதுல போடட்டும்?" என்றால், "பாலகுருவுல போடு" என்பார்கள்.

மனுஷனுக்கு அதற்கப்புறம் தரையில் கால் பாவவில்லை. தினமும் காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு பம்மல் வரை ஒரு சுற்று. புது பேனர் கண்ணில் பட்டால் நிறுத்திவிட்டு, டீக்கடையில் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டே படிப்பார். "பாத்தியா, நம்ம கை" என்பார் பக்கத்தில் நிற்பவரிடம். பிரஷ் பிடித்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவசியமில்லை என்று சொல்லிக்கொள்வார். வீட்டில் உலை கொதிப்பது முத்தாலம்மாளின் மீன் கூடையால்தான் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்துவதில்லை.

முத்தாலம்மாள் கோவளத்துக் குப்பத்தில் பிறந்தவள். விடியலில் அவள் தம்பி லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிற மீனை அனகாபுத்தூர் மார்க்கெட்டில் வைத்து விற்பாள். காரப்பொடி, சங்கரா, கிடைத்தால் வஞ்சிரம். கொட்டிவிட்டுக் கைகழுவுகிற வியாபாரம் இல்லை அவளுடையது. இது குழம்புக்கு, இது வறுவலுக்கு, இதை இன்றைக்கே ஆக்கிவிடு என்று ஒவ்வொருத்தருக்கும் சொல்லித்தான் கொடுப்பாள்.

ஆவணியில் வெண்ணிலா ரிஜிஸ்டர் ஆபீசில் எலியேசரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஏசி மெக்கானிக். நல்ல பையன்தான், ஆனால் வேறு ஆட்கள், வேறு கோயில். சேலையூரில் வீடு எடுத்திருக்கிறோம் என்று போனில் சொன்னாள். பாலகுரு போனைத் தூக்கி அடித்தார். அதோடு அடங்கியிருக்கும். முத்தாலம்மாள் இரண்டு முறை சேலையூர் போய் மீன் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுக்கூட வந்துவிட்டாள். ஆனால் மகன் குணாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். முடிச்சூர் கிட்டுவின் மகள் ரேஷ்மா. ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று பேச்சு. கிட்டு ஒரு நாள் தனியாக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல சம்பந்தி. ஆனா எங்க ஆளுங்க வாய மூட முடியாது. பொண்ணு ஓடிப்போன வூட்ல போயி பொண்ண குடுக்கறியேன்றான். அந்தப் பொண்ணு உங்களுக்கு கீறாளா இல்லியா, அத்த மட்டும் ஒரு முடிவா சொல்லிடுங்க."

"கீறா. இன்னா இல்லன்றது?" என்றாள் முத்தாலம்மாள். "சேலையூர்ல நல்லா கீறா."

"நீ சும்மா கெட மா" என்றான் குணா.

"அதான் பேஜாரு" என்றார் கிட்டு. "நாளிக்கு நல்லது கெட்டதுக்கு அவ வந்து நின்னா, எம்பொண்ணும் அவளாண்ட ஒட்டிக்கினு சுத்தும். எங்க மச்சான் பொண்ணு ஒண்ணு இப்டிதான் போச்சு. மறுநாளே அஞ்சலி பேனர் வச்சாரு. அதோட முடிஞ்சுது. இன்னிக்கும் ஊர்ல தல நிமிந்துகினு கீறாரு. சொல்றத சொல்லிட்டேன், அப்பறம் உங்க இஷ்டம்."

அவர் போனதும் முத்தாலம்மாள் புருஷனின் காலைப் பிடிக்காத குறை. "வாணாம்யா. அவள சேத்துக்க வாணாம், பேச வாணாம், வாசப்படி மிதிக்க வாணாம்னு சொல்லு, கேட்டுக்கறேன். உசுரோட கீறவளுக்கு அஞ்சலி வாணாம்யா. அது வெளங்காது."

"எம்புள்ள கல்யாணம் நிக்கட்டுன்றியா?"

"எனக்கு அவன் மட்டுமா புள்ள?"

பாலகுருவின் மனம் அதற்குள் பேனரின் நீள அகலத்துக்குப் போயிருந்தது. வைப்பது என்றாகிவிட்டால் சின்னதாக வைக்க முடியுமா?

அப்பனும் மகனும் முதலில் புஷ்பலதாவின் கடைக்குத்தான் போனார்கள். அந்த அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எழுந்து வெளிய போங்க" என்றாள். அதனால் பம்மலுக்குப் போனார்கள். அங்கே டிசைனர் பிரேம்.

"சொல்லுண்ணா. இன்னா மேட்டரு?"

"அஞ்சலி" என்று குணா போனை நீட்டினான்.

பிரேம் படத்தைப் பார்த்தான். "அண்ணா, இது வெண்ணிலாக்கா. நேத்து கூட ஸ்டேட்டஸ் வச்சிருந்தாங்களே?"

"எங்களுக்கு செத்துட்டா. நீ அடி."

பிரேம் பாலகுருவைப் பார்த்தான். அவர் சுவரில் இருந்த சாம்பிள் பேனர்களைப் படித்துக்கொண்டிருந்தார். அவன் மௌஸை எடுத்தான். படம் ஏதோ சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. வெண்ணிலாவின் தோளில் முத்தாலம்மாள் கையைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிரேம் அம்மாவை வெட்டி எடுத்தான். விரல்கள் மட்டும் தோளில் மிஞ்சின. எவ்வளவு அழித்தும் தடம் தெரிந்தது. கடைசியில் அதன்மேல் ஒரு வெள்ளை ரோஜாவைக் கொண்டுவந்து வைத்தான்.

"மறைவு தேதி?"

"ஓடிப்போன தேதிய போடு" என்றான் குணா.

"ஃபாண்டு?"

பாலகுருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் அந்த இடத்தில் சிரித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். "கேக்கறான் பாரு. பாலகுருவுல போடு."

மறுநாள் காலையில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் பேனர் நின்றது. கண்ணீர் அஞ்சலி. பா. வெண்ணிலா. கீழே தோற்றம், மறைவு, துயரத்துடன் குடும்பத்தார். தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவள் சேலையூரில் குடித்தனம் நடத்துவது தெரியும். தெரிந்தும் துக்கம் கேட்க வந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று எதிர்வீட்டுக்காரி இட்லியும் சட்னியும் தூக்கில் கொண்டுவந்து வைத்தாள். கை கொடுத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள், பெஞ்சு போதாமல் போயிற்று. ஊருக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு என்ன வேண்டும்! குணா எல்லோருக்கும் டீ சொன்னான். முத்தாலம்மாள் அந்த இட்லியைத் தொடவில்லை. அடுப்பைப் பற்றவைத்து நெத்திலி வறுத்தாள், வாசனை தெருவெல்லாம் போகட்டும் என்று.

"இன்னா பண்ற நீ? ஜனங்க உக்காந்துகினு கீறாங்க" என்று பாலகுரு உள்ளே வந்து பல்லைக் கடித்தார்.

"எம்பொண்ணு உசுரோட கீறா. எனக்குப் பசிக்குது" என்றாள் அவள்.

வீட்டுக்குள் இருந்த அந்த வீம்பு மார்க்கெட்டில் செல்லவில்லை. மூன்றாம் நாள் கூடையோடு போய் உட்கார்ந்தபோது, வழக்கமாக வாங்குகிறவர்கள் தள்ளி நின்றார்கள். ஒருத்தி வாய்விட்டே கேட்டாள்.

"இன்னாக்கா, பொண்ணு போய்டுச்சாமே. தீட்டோட வியாபாரத்துக்கு வந்துகீறியே?"

முத்தாலம்மாள் சங்கராவுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடையில் கீரை விற்கிறவள் கிட்டுவுக்கு அத்தை மகள். கீரைக் கட்டுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல் அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கனகவல்லி டீச்சர் வந்தாள். வெண்ணிலாவுக்குப் பத்தாவது வரை பாடம் எடுத்தவள். யாரோ பேனரைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டிருக்கிறார்கள். டீச்சர் செருப்போடு மீன் தண்ணீரில் மண்டிபோட்டு முத்தாலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முத்தாலம்மா... நிஜமாவா? என் போர்டுல தேதி எழுதுறது அவதான். அவ்ளோ அழகா எழுதுவா. என்னால நம்பவே முடியல. நிஜமா வெண்ணிலா போயிட்டாளா?"

முத்தாலம்மாளின் வாய்வரைக்கும் வந்துவிட்டது. இல்லை டீச்சர், சேலையூரில் இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்று. கீரைக்காரி தண்ணீர் தெளிப்பதை நிறுத்தியிருந்தாள். நிச்சயம் நின்றுபோனால் குணா ஜென்மத்துக்கும் பேச மாட்டான். இருக்கிற ஒரு பிள்ளையும் போய்விடும்.

"ஆமா டீச்சர்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. டீச்சரும் அவளும் கட்டிக்கொண்டு அழுததை மார்க்கெட்டே வேடிக்கை பார்த்தது. பெற்றவள் வாயாலே சொன்னதற்கு அப்புறம் யாருக்கு என்ன சந்தேகம் இருக்கும்? சாயங்காலம் டீச்சர் மனசு கேட்காமல் வெண்ணிலாவின் பழைய நம்பருக்குப் போட்டாள். வீட்டு ஆட்கள் யாராவது எடுத்தால் ஆறுதல் சொல்லலாம் என்று. "சொல்லுங்க டீச்சர், நான் வெண்ணிலா" என்று குரல் வந்ததும் போனைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு எடுத்துப் பேசினாள். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காற்றும் மழையும் வந்தது. அனகாபுத்தூரில் மழை என்றால் வெள்ளம் வருகிறதா என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே சோறு தின்ன வேண்டும். ஆறு ஏறவில்லை, ஆனால் காற்று பேனரை நடுவில் கிழித்துவிட்டது. மிச்சத்தை மாநகராட்சி ஆட்கள் மற்ற பேனர்களோடு சுருட்டி லாரியில் போட்டுக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை காலையிலேயே கிட்டுவிடமிருந்து போன்.

"இன்னா மாப்ள, பேனர் காணமாமே? எடுத்துட்டீங்களா? நாளிக்கு எங்க ஆளுங்க வேன் கட்டிக்கினு வராங்க. பாக்கணும்ல?"

குணா பிரேமுக்குப் போட்டான். கடைக்குள் தண்ணீர், மிஷின் ஓடாது என்றான் பிரேம். வேறு இரண்டு கடைகளிலும் அதே கதை. குணா போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் பைத்தியம் மாதிரி அலைந்தான்.

"எதுக்குடா துள்ற?" என்றார் பாலகுரு. "ஃபிளெக்ஸ் இன்னா பெரிய ஃபிளெக்ஸ்? அதுல கீறதே என் எழுத்துதான். நம்ம சொவுத்துலயே எழுதறேன். எந்தக் காத்து கிழிக்குதுன்னு பாக்கறேன்."

"எழுதுவியா நைனா?"

"யாரப் பாத்து கேக்கற!"

தெருவைப் பார்த்த பக்கச் சுவர், மேலே ஷீட் இருந்ததால் மழை படாமல் காய்ந்திருந்தது. குணா வெள்ளை அடித்தான். மதியத்துக்குள் கருப்பு எனாமலும் டர்பன்டைனும் பட்டை பிரஷ்ஷும் வாங்கி வந்தான். மழை விட்டிருந்தது, புழுக்கம். பாலகுரு எழுதப் போகிறார் என்றதும் தெரு நாற்காலி போட்டு உட்கார்ந்தது. ஒருத்தன் படம் எடுத்து ஸ்டேட்டஸும் போட்டான். முத்தாலம்மாள் உள்ளே குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள், வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

முதல் கோடு இறங்கும்போதே தெரிந்துவிட்டது. பிரஷ் சுவரில் பட்டதும் கை ஆடியது. தடியாக இறங்க வேண்டிய கோடு நெளிந்து நெளிந்து இறங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்தைப் போட்டார். அது ஒரு பக்கம் சாய்ந்தது, அதற்கடுத்தது இன்னொரு பக்கம் சாய்ந்தது. 'கண்ணீர்' முடிவதற்குள் பெயிண்ட் சொட்டுச் சொட்டாக வழிந்து சுவரடி வரை வந்துவிட்டது. யாரோ ஒருத்தன் சிரித்தான். இன்னொருத்தன் அவனை அடக்குவதுபோல அடக்கிவிட்டுத் தானும் சிரித்தான்.

"பிரஷ் சரியில்ல" என்றார் பாலகுரு. "புது பிரஷ் அப்டிதான். மயிர் ஒத்து வராது."

"வுடு நைனா, போதும். மானம் போவுது" என்றான் குணா.

எலியேசரின் பைக் வந்து நின்றது அப்போதுதான். வெண்ணிலா இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்து, நீ இங்கேயே இரு என்றாள். நேராகச் சுவருக்கு வந்தாள். குணா குறுக்கே போனான்.

"ஏய், இன்னாத்துக்கு வந்த?"

"எழவு வூடாச்சே. துக்கம் கேக்க வந்தேன்" என்றாள். பிறகு அப்பாவிடம் கையை நீட்டினாள். "பிரஷ்ஷ குடு நைனா."

அவர் கொடுக்கவில்லை. அவளே விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டாள். ஒரு துணியை டர்பன்டைனில் நனைத்து அவர் எழுதியதை அழுத்தித் துடைத்தாள். கருப்பாக ஒரு திட்டு மட்டும் மிஞ்சியது. அதன்மேலேயே வெள்ளையை அடித்தாள். பிரஷ்ஷைப் பெயிண்ட்டில் தோய்த்து, டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு, எழுத ஆரம்பித்தாள்.

எழுத்து இறங்கியது. தடியாக, வலப்பக்கம் சாய்ந்து, முடிகிற இடத்தில் கூராக. பம்மல் ரோட்டிலும் தாம்பரம் பஸ் ஸ்டாண்டிலும் எல்லோரும் தினம் பார்க்கிற அதே எழுத்து. ஒரு கோட்டை இரண்டாவது தடவை தொடவில்லை. சிரித்தவன்கூட எழுந்து நின்றுவிட்டான்.

"இது... இது என்னோடது" என்றார் பாலகுரு.

வெண்ணிலா திரும்பாமலே பேசினாள். "நீ எழுதிக் குடுத்த சார்ட்டு இன்னும் எங்கிட்டதான் கீது நைனா. ஒரு எழுத்து நேரா நிக்கல. அப்பவே உன் கை போய்டுச்சு. சொன்னா ஒடஞ்சி போய்டுவன்னுதான் நான் உக்காந்து மொத்தத்தையும் எழுதினேன். உன் பேர வச்சேன். நீ ஊரெல்லாம் போயி பாத்துட்டு வர்றது என் எழுத்து. நீ பம்மல்ல அடிச்சி வச்சதும் என் எழுத்துதான்."

பாலகுரு சுவரைப் பிடித்துக்கொண்டார். ஈரப் பெயிண்ட் உள்ளங்கையில் ஒட்டியது. அவருக்கு அது தெரியவில்லை.

அவள் தன் பெயரை எழுதினாள். தோற்றம் எழுதினாள். மறைவு என்று எழுதிவிட்டு நிறுத்தினாள்.

"தேதி இன்னா குணா?"

அவன் பின்னால் நகர்ந்தான்.

"ஃபிளெக்ஸ்ல தப்பா போட்டிருந்தியே. அன்னிக்கு நான் உசுரோடதான் இருந்தேன். மறுநாள் அம்மாவுக்கு போன் கூட பண்ணேன்" என்று சொல்லிவிட்டு அந்தச் சனிக்கிழமையின் தேதியைப் போட்டாள். துயரத்துடன் குடும்பத்தார் என்று முடித்தாள். பிரஷ்ஷை நன்றாகக் கழுவி, துடைத்து, டப்பாமேல் வைத்தாள்.

முத்தாலம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். மகள் எழுதியது அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பேனரில் இருந்த அதே உருவம் என்று கண்ணுக்குத் தெரிந்தது. "அடிப்பாவி, நீயே உன் கையால... வாணாம்டி. உள்ள வாடி, யார் இன்னா சொன்னாலும் சரி. வஞ்சிரம் போட்டு கொழம்பு வச்சிகீறேன். ஒரு வாய் துன்னுட்டு போடி."

வெண்ணிலாவின் முகம் அப்போதுதான் கலைந்தது. அதுவரை அவள் யாரிடமும் அழவில்லை.

"இவங்க ரெண்டு பேரும் பண்ணுவாங்கன்னு தெரியும்மா. நீ பண்ண மாட்டன்னு நெனச்சேன். டீச்சராண்ட ஆமான்னு சொன்னியாமே."

"அந்தக் கீரக்காரி பக்கத்துல..."

"சொன்னியா இல்லியா?"

முத்தாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"செத்தவளுக்கு சோறு போடணும்னா எலைல வச்சி காக்காவ கூப்டு" என்றாள் வெண்ணிலா. பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். முத்தாலம்மாள் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினாள். எலியேசர் நிறுத்தப் பார்த்தான். "போ" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டுவின் ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் முதலில் சுவரைத்தான் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். தட்டு மாற்றி, வெற்றிலை பாக்கு கொடுத்து, கேசரி பரிமாறுகிற நேரத்தில் கிட்டு சத்தமாகச் சொன்னார்.

"ஃபிளெக்ஸ்லாம் பிச்ச வாங்கணும் சம்பந்தி. எழுத்துன்னா அது எழுத்து. யார வச்சி எழுதினீங்க?"

தெருக்காரர்கள் நாலைந்து பேர் பந்தியில் இருந்தார்கள். அத்தனை பேரும் கேசரியைப் பார்த்தார்கள். பாலகுரு வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"நான்தான்" என்றார். "வேற யாரு?"

"கல்யாணத்துக்கும் நீங்களே எழுதிடுங்க!" என்று கிட்டு தொடையைத் தட்டிச் சிரித்தார். கிட்டுவின் மனைவி, தட்டோடு நின்றிருந்த முத்தாலம்மாள் பக்கம் திரும்பினாள். "மெய்யாலுமா அண்ணி? இந்த வயசுல இவ்ளோ நல்லா வருதா அண்ணனுக்கு? கை ஆடவே இல்லியே."

முத்தாலம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் அவளிடம் அப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. குணாவும் பார்த்தான்.

"ஆமா" என்றாள். "அவரு கைதான்."

பிறகு கிட்டுவின் மனைவிக்கு இன்னொரு கரண்டி கேசரி வைத்துவிட்டு அடுத்தவளிடம் நகர்ந்தாள்.